குடியாத்தத்தில் குடியும் போதையும்: நிதி ஒதுக்கும் முன் ஒரு கணக்கு

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு ஊர் நிதியைப் போதை ஒழிப்புக்குக் கொடுக்கலாம் என்று பலரும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல யோசனை. ஆனால் வந்த மடல்களில் முக்கால்வாசி கஞ்சாவைப் பற்றித்தான் பேசுகின்றன. செலவு என்று சொல்லப்படுவதும் பேரணி, பேனர், பள்ளியில் உறுதிமொழி என்பதோடு நின்றுவிடுகிறது. ஊரில் எத்தனை பேர், எதற்கு அடிமை என்று கணக்குப் போட்டால் பணம் போக வேண்டிய இடம் வேறாகத் தெரிகிறது. அந்தக் கணக்கை இங்கே வைக்கிறேன். தப்பு இருந்தால் எண்ணோடு சொல்லுங்கள்.

முதலில் நம் ஊர் இருக்கும் வேலூர் மாவட்டத்தைப் பற்றிய குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பில் வேலூர் மாவட்டத்தின் மக்கள்தொகை 39,36,331. அது பழைய, பெரிய வேலூர். 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதே 2011 எண்ணிக்கையைப் பிரித்தால் இப்போதைய வேலூருக்கு 16,14,242 பேர், ராணிப்பேட்டைக்கு 12,10,277, திருப்பத்தூருக்கு 11,11,812. 2019-க்குப் பிந்தைய கஞ்சா வழக்குகளை 39 லட்சத்தால் வகுத்து "லட்சம் பேருக்கு இவ்வளவுதான்" என்று சொல்வது தப்பு. பிரிவினைக்கு முன்னும் பின்னும் உள்ள வழக்குகளை அப்படியே பக்கத்தில் வைத்து "குறைந்துவிட்டது" என்று மகிழ்வதும் அதே தப்புதான். இன்னொன்று: கஞ்சா வழக்கு கூடினால் பழக்கம் கூடிவிட்டது என்று பொருளில்லை. சைனகுண்டா, பரதராமி, கிறிஸ்டியான்பேட்டை சாவடிகளிலும் காட்பாடி ஜங்ஷனிலும் சோதனை கூடினால் வழக்கும் கூடும். ஆந்திராவிலிருந்து வரும் சரக்கு நம் மாவட்டத்தைக் கடந்துதான் போகிறது. அதில் பெரும்பகுதி நம் ஊருக்கென்று வருவதில்லை.

குடியாத்தம் நகராட்சியில் 2011-ல் 91,558 பேர். 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை, அடுத்ததற்கான நாள் 2027 மார்ச் 1. அதுவரை நம் கையில் இருப்பது இந்த எண்தான். துபாயிலும் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிற நாம் அதில் இல்லை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

போதைப் பழக்கத்துக்கு எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வு இருக்கிறது. அது 10 முதல் 75 வயதுவரை உள்ளவர்களைப் பார்க்கிறது. நம் ஊரில் அந்த வயதில் 75,000 பேர் என்று வைத்துக்கொள்கிறேன். ஆய்வின்படி மதுவால் கெடுதல் அடைகிறவர்களும் அடிமையானவர்களும் சேர்ந்து 5.2 சதவீதம், அதாவது நம் ஊருக்கு ஏறத்தாழ 3,900 பேர். அதில் முழு அடிமைகள் 2.7 சதவீதம், சுமார் 2,000 பேர். கஞ்சா, பாங்கு எல்லாம் சேர்த்துப் பயன்படுத்துவோர் 2.8 சதவீதம், நம் ஊருக்கு 2,100. ஆனால் அதில் சிகிச்சை தேவைப்படும் அளவுக்குச் சிக்கியவர்கள் ஐந்நூறு பேர் அளவுதான். புகையிலை இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. 2016-17-ல் நடந்த தனி ஆய்வில் தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 20 சதவீதம் பேர் புகையிலை பயன்படுத்தினார்கள். நம் ஊருக்கு 13,000-க்கு மேல். 2013-லேயே குட்காவுக்குத் தடை வந்தும் ஹான்ஸும் கூல் லிப்பும் பெட்டிக்கடையில் கைமாறுவது எல்லோருக்கும் தெரியும்.

இவை தேசிய, மாநில சராசரிகளை நம் ஊர்மேல் வைத்துப் பார்த்த எண்கள். உண்மை எண்கள் முன்னே பின்னே இருக்கும். ஆனால் மதுவுக்கும் கஞ்சாவுக்கும் உள்ள இடைவெளி அதனால் மாறிவிடாது.

என்னை உலுக்கிய எண் இன்னொன்று. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்கிறது அந்த எய்ம்ஸ் ஆய்வு. 2,000-ஐ 38-ஆல் வகுத்தால் 53. மிச்சம் 1,950 பேர் வீட்டில் இருக்கிறார்கள். நம் பணம் அவர்களுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வாதம்.

அடிமை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அளவிலிருந்து தொடங்கலாம். 42.8 சதவீதம் என்று லேபிளில் போட்ட பிராந்தியோ ரம்மோ 30 மில்லியில் சுமார் 10 கிராம் சாராயச் சத்து இருக்கிறது. அதை ஒரு அலகு என்பார்கள். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, 6 அலகு. தினமும் ஒரு குவார்ட்டர் என்றால் வாரத்துக்கு 42 அலகு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் 4 அலகு இருக்கிறது, "பீர்தானே" என்று விட முடியாது. பட்டாளத்து ஓய்வூதியர்கள் நிறைந்த மாவட்டம் நம்முடையது. கேன்டீன் சரக்கு சுத்தமானது, உடம்பைக் கெடுக்காது என்ற நம்பிக்கை பல வீடுகளில் இருக்கிறது. கல்லீரலுக்கு அது கேன்டீன் பாட்டிலா டாஸ்மாக் பாட்டிலா என்று தெரியாது, கிராம் கணக்குதான் தெரியும். அளவைவிடத் தெளிவான அடையாளம் காலை நடுக்கம். எழுந்ததும் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்றால் மூளை மதுவுக்குப் பழகிவிட்டது.

அந்த நிலைக்குப் போனவரைத் திடீரென்று நிறுத்தச் சொல்வதில்தான் உயிர் போகிறது. நம் ஊரில் நிறுத்தும் வழிகள் மூன்று: கோயிலில் கயிறு கட்டுவது, மாலை போடுவது, அறையில் பூட்டி வைப்பது. மூன்றிலும் மனசு நல்லது, மருத்துவம் இல்லை. கடைசியாகக் குடித்து 6 முதல் 12 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வாந்தி. 12 முதல் 48 மணிக்குள் ஃபிட்ஸ் வரலாம். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள்வரை இன்னும் மோசம்: நாள் கிழமை தெரியாது, சுவரில் பூச்சி ஊர்வதாகச் சொல்வார், இல்லாத ஆளோடு பேசுவார், காய்ச்சல் ஏறும், நெஞ்சு படபடக்கும். வீட்டில் இதைக் காற்று கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகிறார்கள். இது கவனிக்காமல் விட்டால் ஆள் சாகக்கூடிய மருத்துவ அவசரம், 108-ஐக் கூப்பிட வேண்டிய நேரம். கார்த்திகை முதல் தேதி மாலை போடப் போகிற தினக்குடியர் இருந்தால், அதற்குப் பத்து நாள் முன்பே மருத்துவரிடம் போய் மாத்திரை உதவியோடு நிறுத்திவிட்டு மாலை போடட்டும். விரதத்துக்கும் அது குறையில்லை.

ஆஸ்பத்திரியில் இதற்கு ஏழு முதல் பத்து நாள். டயஜிபாம் வகை மாத்திரையை முதலில் தேவையான அளவு கொடுத்து, நாளுக்கு நாள் குறைத்து நிறுத்துவார்கள். கூடவே தயமின், அதாவது பி1 ஊசி. குடிகாரர் சாப்பிடாமல் கிடந்ததால் உடம்பில் பி1 குறைந்திருக்கும். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மிச்சமிருந்த பி1-உம் தீர்ந்து மூளை பாதிக்கும். கண் ஒருபக்கம் இழுக்கும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகப் போகலாம். தெரு முனை கிளினிக்கில் "சோர்வாக இருக்கிறார், ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று கேட்கும்போது, ஆள் குடிப்பவர் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை போதும், டாக்டர் முதலில் தயமின் போடுவார்.

"குடியை மறக்கடிக்கும் மருந்து, சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்ற விளம்பரங்களை நம்பி வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்புகிறவர்கள் நம்மிலேயே இருக்கலாம். அனுப்பாதீர்கள். அதில் டைசல்ஃபிரம் என்ற மருந்து இருக்கலாம். அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்து, இதயக் கோளாறு உள்ளவர் சாகவும் கூடும். தெரிந்து, சம்மதித்து, ஈரல் சோதனை செய்து எடுத்துக்கொள்பவருக்கு மட்டுமே அது மருந்து. ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் என்று வேறு மருந்துகளும் உண்டு.

பேரணாம்பட்டு பக்கத்து மலைகளில் காய்ச்சும் சாராயம் தனிக் கவலை. அதில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்தால் என்ன ஆகும் என்று 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் பார்த்தோம், அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மெத்தனாலின் வஞ்சகம் அதன் தாமதம். குடித்த இரவு ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கண் மங்கல். ஒருவருக்கு வந்தால் அதே இடத்தில் குடித்த எல்லோரும், நன்றாக இருப்பவர் உட்பட, உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் வேறு பொருளைப் பார்க்க வேண்டும். அதே தேசிய ஆய்வில் முகரும் போதை 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதம், பெரியவர்களிடம் 0.58. மற்ற பல போதைகளைப் போலில்லாமல் இதில் பிள்ளைகள் முந்துகிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் ஷூ ஒட்டும் பசை புழங்குகிற தொழில் இருக்கிறது, பஞ்சர் கடை சொல்யூஷன் எங்கும் கிடைக்கிறது. அதிலிருந்து வரும் ஆவி இதயத் துடிப்பைக் குலைத்து, முதல் தடவையிலேயே சாகடிக்கக்கூடும். வாயைச் சுற்றிப் புண், சட்டையில் பெயின்ட் வாசனை, பையில் பிசுபிசுத்த துணி இருந்தால் கேளுங்கள். பிள்ளைக்கு மதுவோ புகையிலையோ போதைப் பொருளோ கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 2015, 77-ம் பிரிவில் ஏழு ஆண்டுவரை கடுங்காவல்.

வலி மாத்திரையைப் போதைக்கு எடுப்பதும் பரவுகிறது. அதில் நிறுத்திவிட்டு மறுபடி எடுப்பவருக்குத்தான் அதிக ஆபத்து: சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும், பழைய அளவே மூச்சை நிறுத்தும். எழுப்பினால் எழாமல் குறட்டை போல மூச்சு விட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும்.

போலீஸ் பயத்தில் வீட்டார் மறைக்கிறார்கள். 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவோடு அல்லது பயன்படுத்தியதற்காக வழக்கில் இருப்பவர், தானாக முன்வந்து அங்கீகரித்த இடத்தில் சிகிச்சையை முழுதாக முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. பாதியில் விட்டால் விலக்கு போய்விடும். கஞ்சாவில் சிறு அளவு என்பது 1 கிலோவரை, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. யாரோ கொடுத்த பையை ரயிலில் கொண்டுவரும் பையனுக்கு இந்த இரண்டு எண்களும் தெரிந்திருக்க வேண்டும். வணிக அளவில் ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம்.

மறுவாழ்வு மையம் தேர்ந்தெடுக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள். மாநில மனநல ஆணையத்தில் பதிவு உண்டா? மனநல மருத்துவர் நேரில் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார்? முதல் வாரம் இரவில் நர்ஸ் உண்டா? வீட்டார் எப்போதும் போய்ப் பார்க்கலாமா? நாலாவதற்கு "மூன்று மாதம் வரக்கூடாது" என்று பதில் வந்தால் அங்கே சேர்க்காதீர்கள். கட்டிவைப்பதும் அடிப்பதும் 2017 மனநலச் சட்டப்படி குற்றம். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையமும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்குப் பக்கம்.

பக்கம் என்றாலும் வேலூர் போய் இன்னொரு பஸ் மாற வேண்டும். இங்கேதான் மக்கள்தொகை மறுபடி வருகிறது. பழைய மாவட்டத்தில் ஆயிரம் ஆணுக்கு 1,007 பெண்கள். ஆண்கள் வெளியூரில் இருக்கும் வீட்டில் நோயாளியைக் கூட்டிப் போவது மனைவியோ வயதான தாயோதான். அவர் தறிக்கோ பீடிக்கோ தீப்பெட்டிக்கோ போகிறவர், அன்று போகவில்லை என்றால் அன்றைய கூலி இல்லை. அதனால் இரண்டாவது தடவையோடு நிறுத்திவிடுகிறார். மருந்து நிற்கிறது, குடி திரும்புகிறது. சிகிச்சை பலிக்கவில்லை என்று ஊர் பேசுகிறது.

என் கோரிக்கை இதுதான். முதல் மாதம் வாரம் ஒருமுறை, பிறகு பதினொரு மாதம் மாதம் ஒருமுறை: ஓராண்டில் ஒருவருக்கு 15 தடவை. ஐம்பது பேரை எடுத்துக்கொண்டால் 750 தடவை. ஒவ்வொரு தடவைக்கும் இரண்டு பேர் பஸ் கட்டணம், துணைக்கு வந்தவரின் ஒருநாள் கூலி, வெளியில் வாங்க நேர்கிற மாத்திரை. தேதி தவறியவரின் வீட்டுக் கதவைத் தட்ட ஊரிலேயே பயிற்சி பெற்ற ஒரு சமூகப் பணியாளருக்கு ஆண்டுச் சம்பளம். பணத்தைக் கையில் கொடுக்க வேண்டாம், ஓ.பி. சீட்டு பார்த்துத் துணைக்கு வந்த பெண்ணின் கணக்கில் போடலாம். பேனருக்கு இதில் இடம் வைக்கவில்லை. நோயாளியின் பெயர் இந்தக் குழுவுக்கும் வரக்கூடாது, எண்ணிக்கை மட்டும் வரட்டும்.

ஊரில் இருப்பவர்களுக்கு இன்றே அனுப்பி வைக்க: சிகிச்சை ஆலோசனைக்கு 14446, மனநல உதவிக்கு 14416, சாராயம் கஞ்சா பற்றிய புகாருக்கு 10581, பிள்ளைகளுக்கு 1098.