அடையில் உட்கார்ந்த பறவை: உங்கள் மனசை விட்டுப் போகாத ஒன்றைச் சொல்லுங்கள்

கூட்டோரம்
எங்கள் கூஸ் வாத்து அடையில் இருந்தபோது ஒரு முட்டை கூட்டுக்கு வெளியே உருண்டுவிட்டது. எழுந்திருக்காமலே கழுத்தை நீட்டி, அலகின் அடிப்பக்கத்தை முட்டைக்கு அந்தப் பக்கம் கொடுத்து, நழுவாமல் இருக்க இடமும் வலமும் அசைத்தபடி உள்ளே இழுத்தது. முட்டையில் விரிசல் தெரிந்ததால் பாதி வழியிலேயே எடுத்துவிட்டேன். அலகின் ஆட்டம் உடனே நின்றது, இழுப்பது நிற்கவில்லை. ஒன்றுமே இல்லாத தரையில் அலகை நேர்கோடாக இழுத்து, நெஞ்சுக்கு அடியில் சேர்த்த பிறகுதான் விட்டது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த லோரன்சும் டின்பெர்கனும் 1938இல் இதை எழுதியிருக்கிறார்கள். படித்ததுதான், ஆனாலும் அந்த வெறும் இழுப்பு கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

மாடப்புறா
புறாவில் பகலில் பெரும்பாலும் ஆண்தான் அடை காக்கும், சாயங்காலம் பெட்டை வந்துவிடும். எங்கள் ஜன்னல் மேடையில் ஆண் வந்து நின்றும் பெட்டை எழவில்லை. அது பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, தலையைப் பெட்டையின் வயிற்றுக்கு அடியில் நுழைத்து நுழைத்து முட்டையைத் தன் பக்கம் தள்ளிக்கொண்டது. ஒரு முட்டை இவளிடம், ஒன்று அவனிடம். அப்படியே வெகுநேரம் இருந்தார்கள்.

வெள்ளை இறகு
எங்கள் கூஸ் எழுந்து போனதும், "அடையை விட்டுவிட்டது, இன்குபேட்டரில் வை" என்றார்கள். கூட்டில் முட்டையே தெரியவில்லை. நெஞ்சிலிருந்து பிடுங்கிய மென்தூவியால் மூடிவிட்டுப் போயிருந்தது. அதற்குள் கை விட்டேன், அவ்வளவு கதகதப்பு! நான் கையை எடுப்பதற்குள் ஆண் சீறிக்கொண்டு ஓடி வந்தது. பெட்டை குளித்துவிட்டு ஈரத்தோடு வந்து உட்கார்ந்தது.

பண்ணைத்தம்பி
ஈரத்தோடு உட்கார விடாதீங்க. கூமுட்டை ஆயிடும்.

நீர்க்கோழி
தம்பி, அது தப்பு. குளித்து வருகிற வாத்தைத் தடுக்க வேண்டாம். இன்குபேட்டரில் கூஸ் முட்டை வைப்பவர்கள் சில நாட்களுக்குப் பிறகு தினமும் கொஞ்ச நேரம் ஆறவிட்டு வெதுவெதுப்பான தண்ணீர் தெளிப்பதே அந்த ஈரத்துக்காகத்தான். முட்டையைக் கெடுப்பது சேறும் எச்சமும். கூட்டு வைக்கோலைக் காய்ந்ததாக வையுங்கள், போதும்.

என் அனுபவம் சின்னது. பொரிக்கப் போகிற முட்டையைக் காதில் வைத்தேன், உள்ளிருந்து கீச்சென்றது. தாய் தணிந்த குரலில் பதில் கொடுத்தது. இன்னும் ஓட்டில் ஒரு கீறல்கூட இல்லை!

கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கூஸ் ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டையிடும். எல்லாம் இட்டு முடியும் சமயத்தில்தான் அடையில் அமரும், அதனால் முதல் முட்டையும் கடைசி முட்டையும் ஏறக்குறைய ஒன்றாகவே பொரிக்கும். நடுவில் புது முட்டையைக் கொண்டுபோய்ச் சேர்க்காதீர்கள். கோழிக்கு 21 நாள். கூஸுக்கு 28 முதல் 34 வரை ஆகலாம், 30 தாண்டியதும் தூக்கிப் போடாதீர்கள். குஞ்சு முதலில் முட்டைக்குள் காற்று நிறைந்த இடமான காற்றறையின் சவ்வைக் கிழித்து மூச்சுவிடும், பிறகுதான் ஓட்டைக் கொத்தும். கொத்திய பிறகும் ஒருநாளுக்கு மேல் இழுக்கலாம். அந்த நேரத்தில்தான் மஞ்சள் கரு வயிற்றுக்குள் போகும், ஓட்டோரத்து ரத்தநாளங்கள் வற்றும். பாவம் என்று ஓட்டை உரித்தால் ரத்தம் கசியும், குஞ்சு பிழைக்காமல் போகலாம். கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள்.