மேனுவலை நம்பி பிரேக் பேடு மாற்றலாமா?

நட்டுபோல்ட்: பின் சக்கர பிரேக் பேடு தேய்ந்துவிட்டது. நானே மாற்றலாம் என்றிருக்கிறேன். சர்வீஸ் மேனுவல் (மெக்கானிக்குகளுக்கான பழுதுபார்ப்புக் கையேடு) கையில் இருக்கிறது. வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பழைய பட்டறைக்காரன்: ‘இரண்டு போல்ட்டைக் கழற்றி காலிப்பரை எடுக்கவும்’ என்று மேனுவலில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். காலிப்பர் என்றால் பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி. போல்ட் துருவேறி இறுகியிருந்தால்? ஸ்பேனர் வழுக்கித் தலை மழுங்கிவிட்டால்? படத்தில் இருப்பது புத்தம்புது வண்டி, உங்களுடையது அப்படி இல்லை.

கிரீஸ்கை: துரு விஷயம் சரிதான். ஆனால் அவர் வண்டியில் பட்டன் அழுத்திப் போடும் பார்க்கிங் பிரேக் இருந்தால்? பல வண்டிகளில் பின் காலிப்பரிலேயே குட்டி மோட்டார் உட்கார்ந்திருக்கும். முதலில் சர்வீஸ் மோடுக்குப் போய் அந்த மோட்டாரைப் பின்வாங்க வைக்க வேண்டும், அப்புறம்தான் பேடை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். முன் சக்கரத்தில் பழகிய தோரணையில் கிளாம்பு போட்டு நெருக்கினால் காலிப்பரே போய்விடும். இது பழக்கத்தில் வராது ஐயா, படித்தால்தான் தெரியும்.

பழைய பட்டறைக்காரன்: அது நியாயம். ஆனால் நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதற்கும் புத்தகமா? கை சொல்லும் தம்பி.

கிரீஸ்கை: கை சில நேரம் பொய் சொல்லும். எண்ணெய் பட்ட மரையும் காய்ந்த மரையும் ஒரே முறுக்கில் ஒரே மாதிரி இறுகாது. இன்ஜினின் மேல்பகுதியான அலுமினிய ஹெட்டில் ஸ்பார்க் பிளக்கைக் கைக்கணக்கில் முறுக்கி, மரை போய் வரும் வண்டிகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். சில ஹெட் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் (முறுக்கும் விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனர்) இறுக்கிய பிறகு இன்னும் 90 டிகிரி திருப்பச் சொல்வார்கள். அது போல்ட்டை வேண்டுமென்றே கொஞ்சம் இழுக்கிற முறை. அப்படி இழுபட்ட போல்ட்டை மறுபடி மாட்டக்கூடாது.

நாலாவது கியர்: இருவரும் பிரிப்பது, மாட்டுவது பற்றியே பேசுகிறீர்கள். கோளாறைக் கண்டுபிடிப்பதுதானே பாதி வேலை? வண்டியின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பி0171 என்ற கோளாறுக் குறியீடு வந்தால், கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டும்தான் பொருள். வேக்குவம் குழாயில் விரிசலா, காற்றளவு சென்சாரில் அழுக்கா, பெட்ரோல் பம்ப்பில் அழுத்தம் இல்லையா? அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் ஆக்சிஜன் சென்சாரை வாங்கி மாட்டுகிறவர்கள்தான் அதிகம். டாஷ்போர்டு பெட்டியில் வரும் ஓனர் மேனுவலோ டயர் காற்று, ஃபியூஸ், ஆயில் கிரேடு தாண்டி அதிகம் போகாது.

கிரீஸ்கை: அதனால்தான் சர்வீஸ் மேனுவல் வேண்டும் என்கிறேன். எந்த வயரில் எத்தனை வோல்ட், இல்லையென்றால் அடுத்து எதைப் பார்ப்பது என்று அதில் படிப்படியாக இருக்கும். மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

நட்டுபோல்ட்: என் வண்டியில் கேபிள் ஹேண்ட் பிரேக். பிஸ்டனைத் தள்ளக் கூடாது, திருகி உள்ளே அனுப்ப வேண்டும் என்று போட்டிருக்கிறது.

பழைய பட்டறைக்காரன்: அப்போ செய்யுங்கள். பிஸ்டன் உள்ளே போகும்போது பிரேக் ஆயில் டப்பாவில் மட்டம் ஏறும், வழிந்து பெயின்ட்டில் பட்டால் உரிந்துவிடும். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வையுங்கள். முடிந்ததும், வண்டியை எடுப்பதற்கு முன் பெடல் கெட்டியாகும்வரை மிதியுங்கள். இதுவும் புத்தகத்தில் இருக்கிறது என்று கிரீஸ்கை வரப் போகிறார்.

கிரீஸ்கை: இருக்கிறது. தடித்த எழுத்தில்.