விதைக்கிறவன் உவமை: 5, 9 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் எப்படிச் சொல்லித் தருவது?

கேள்வி: விதைக்கிறவன் தூவிய விதை வழியோரம், கற்பாறை, முள்ளுள்ள இடம், நல்ல நிலம் என நான்கு இடங்களில் விழுவதாக இயேசு சொன்ன கதை இது. பைபிளில் மத்தேயு 13-ஐ வாசித்துக் காட்டினால் சின்னவன் எழுந்து ஓடுகிறான், பெரியவள் "தெரியும்" என்கிறாள். கையால் செய்ய ஏதாவது சொல்லுங்கள்.

பதில் 1: சகோதரி, நான்கு கப், ஒரு கைப்பிடி பச்சைப்பயறு போதும். முதல் கப் வழியோரம்: களிமண்ணை இறுக்கி, காயவிட்டு, மேலே பயறு போட்டு வெளியே திறந்து வையுங்கள். இரண்டாவது கற்பாறை: கூழாங்கல், மேலே 1 செ.மீ. மண் மட்டும். மூன்றாவது முள்: அதில் ஐந்து நாள் முன்பே வெந்தயத்தை நெருக்கமாக விதைத்துவிடுங்கள். நான்காவது நல்ல நிலம்: ஆழமான, பொலபொலவென்ற மண். இந்த மூன்றிலும் பயறை விதையுங்கள். பலர் கோட்டைவிடுவது இரண்டாவது கப்பில்தான்: தினமும் தண்ணீர் ஊற்றினால் கல்மேலும் செடி செழிக்கும், உவமையே தலைகீழாகிவிடும். முளைத்ததும் எல்லாக் கப்புக்கும் தண்ணீரை நிறுத்தி வெயிலில் வையுங்கள். கல் கப்தான் முதலில் வாடும்.

பதில் 2: இயேசுவின் விளக்கத்தை (18–23) முதல் நாளே வாசிக்காதீர்கள். விடை தெரிந்துவிட்டால் பேச்சு அடங்கிவிடும். 3–9 மட்டும் வாசியுங்கள், செடி வாடிய பிறகு, "விதை ஒன்றுதானே, ஏன் இப்படி?" என்று கேட்டுக் காத்திருங்கள். "நல்ல நிலமாக இருப்பாயா?" என்று கேட்டால் "ஆமாம்" மட்டுமே வரும். பெரியவளிடம், "முள் எதுவெல்லாம்?" என்று கேளுங்கள். சின்னவனுக்குப் பத்து நிமிடம் தாராளம்.

பதில் 1: அடுத்து நோவாவின் பேழை. 300, 50, 30 முழம் (ஆதியாகமம் 6:15). முழத்துக்கு 1 மி.மீ. வைத்தால் 30, 5, 3 செ.மீ. அட்டைப்பெட்டி. மூன்று தளம், பக்கத்தில் ஒரே கதவு. அளவுகோலைப் பெரியவளிடமே கொடுத்துவிடுங்கள்.