கருவாட்டுக்குக் காமாக் கதிர் அடித்தால் வண்டு வராதாமே?

வாடிக்காரன், முல்லைத்தீவு:
எங்கள் வாடியில் கட்டாவும் சூடையும் கருவாடு போடுகிறோம். சோளகத்தில் பிரச்சினையில்லை, மாரி பிடித்தால் சாக்குக்குள்ளேயே வண்டு வைத்துவிடும், மயிர்ப்புழு அரித்து அடியில் மாவாகக் கொட்டிக் கிடக்கும். மருந்து தெளிக்க எனக்கு மனமில்லை. கொழும்பு வியாபாரி ஒருவர், பியகமவில் இருக்கிற காமாக் கதிர் நிலையத்தில் கதிர் அடித்து எடுத்தால் மாதக்கணக்கில் இருக்கும் என்கிறார். தின்கிறவனுக்கு ஒன்றும் செய்யாதா? பச்சை மீனுக்கும் செய்யலாமா?

லாப்காரன்:
பயப்படாதீர்கள் அண்ணை. அங்கே இருப்பது கோபால்ட்-60 என்கிற கதிர் வீசும் உலோகம், பெட்டி அதன் முன்னால் போய்வர காமாக் கதிர் ஊடுருவிப் போய்விடும், மீனில் தங்காது. உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து கூட்டிய நிபுணர் குழு 1980இலேயே 10 கிலோகிரே (உணவு வாங்கும் கதிரின் அளவு) வரை பயமில்லை என்று சொல்லிவிட்டது. அந்தப் பத்தையும் கொடுத்தால்கூடப் பச்சை மீனின் சூடு இரண்டு மூன்று பாகைதான் ஏறும். வண்டுக்கு 1 கிலோகிரே தாராளம். உடனே செத்து விழாது, கொஞ்ச நாள் ஊர்ந்து திரியும், ஆனால் பெருகாது. வெளியே வந்தபின் புது வண்டு ஏறினால் அதைத் தடுக்க ஒன்றுமில்லை, அதனால் முதலே தடித்த பையில் ஒட்டித்தான் அனுப்ப வேண்டும், மெல்லிய பொலித்தீனைப் புழு துளைத்துவிடும்.

சமையல்கட்டு அக்கா:
தம்பி, சூடைக்கு யோசித்துச் செய்யுங்கோ. எண்ணெய் மீன், கதிர் பட்டால் சீக்கிரம் பாண்டல் அடிக்கும், கட்டாவில் அந்தக் கரைச்சல் குறைவு. பச்சை மீனுக்கு 1 முதல் 3 கிலோகிரே கொடுத்தால் ஐஸில் கிடக்கும் நாள் நன்றாகவே கூடும், ஆனால் ஐஸை விட ஏலாது. பொட்டுலினம் என்கிற நஞ்சு கக்கும் கிருமியின் வித்து அந்த அளவுக்குச் சாகாது, வெக்கையில் மற்றக் கிருமியெல்லாம் போன இடத்தில் அது தனிக்காட்டு ராசா. வெயிலில் கிடந்த சூரையையும் கதிர் திருத்தாது, கெட்ட மீனில் ஊறும் ஹிஸ்டமின் நஞ்சு வந்தால் வந்ததுதான்.

லொறி ஓட்டி:
எல்லாம் சரி, மாங்குளத்தில் ஏறி ஏ9ஆல் பியகம வரை போய்வர டீசல் யார் அடிப்பது? பச்சை மீன் என்றால் ஐஸ் காசுக்கே கட்டாது. கருவாடென்றாலும் நாலைந்து சாக்குக்காகத் தனியாகப் போக முடியாது, அந்த வியாபாரி பல வாடிகளில் சேர்த்து ஏற்றினால்தான் சரிவரும். கூலி அவர் தலையிலா உங்கள் தலையிலா என்று முதலே கேளுங்கள். இன்னொன்று, ஈரக் கருவாட்டைக் கதிர் காயவைக்காது. மாரியில் அரைகுறையாகக் காய்ந்ததைப் பையில் ஒட்டினால் வண்டு இல்லாமல் பூஞ்சணம்தான் வரும்.

வாடிக்காரன்:
அப்ப சூடையை விட்டுவிட்டுக் கட்டாவை மட்டும் பேசிப் பார்க்கிறேன். பை ஒட்டுகிற மெஷின் வவுனியாவில் எடுக்கலாமா, யாருக்காவது தெரியுமா?