அரை மணி நேரத்தில் மறைந்துவிடும் மீடியா சர்வர்: வீட்டு நெட்வொர்க்கில் பகிர்வதில் சிக்கல்

கேள்வி

வணக்கம். பயன்படாமல் கிடந்த பழைய மடிக்கணினி ஒன்றில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி, வீட்டுக்குள் மட்டும் பயன்படும் மீடியா சர்வராக அதை மாற்ற ஒரு வாரமாக முயன்று வருகிறேன். மென்பொருள் மினிடிஎல்என்ஏ; சர்வரில் உள்ள படங்களை டிஎல்என்ஏ என்ற பகிர்வு முறையில் டிவிக்குத் தருவது அது. மடிக்கணினியின் உள்வட்டில் குடும்பப் புகைப்படங்கள் இருக்கின்றன. யுஎஸ்பி வழியே இணைத்த 4 டெராபைட் வெளிவட்டில் திரைப்படங்கள் இருக்கின்றன. ரௌட்டரிலிருந்து ஒரு கேபிள் 8 போர்ட் சுவிட்சுக்கு வருகிறது; சர்வரும் டிவியும் அந்தச் சுவிட்சில் கேபிள் மூலம் இணைந்திருக்கின்றன. சுவிட்ச், பிரவுசரில் திறந்து அமைப்புகளை மாற்றக்கூடிய வகையைச் சேர்ந்தது. ஆனால் வாங்கியது முதல் அதில் எதையும் நான் தொட்டதில்லை.

என் சிக்கல்கள் மூன்று. சேவையை மறுதொடக்கம் செய்தவுடன் டிவியின் பட்டியலில் சர்வரின் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மறைந்துவிடுகிறது. அதன்பின் டிவியை அணைத்துப் போட்டாலும் வருவதில்லை, சர்வரில் சேவையை மீண்டும் தொடங்கினால்தான் வருகிறது. ஃபயர்வாலைச் சந்தேகித்து அதை முழுவதுமாக அணைத்தும் பார்த்துவிட்டேன், மாற்றமில்லை. இரண்டாவது, பெயர் தெரியும் நேரத்திலும் புகைப்படங்கள் மட்டுமே வருகின்றன, திரைப்படங்கள் ஒன்றுகூட இல்லை. பிரவுசரில் சர்வரின் முகவரியோடு 8200 என்ற போர்ட்டைச் சேர்த்துத் திறந்தால் வரும் நிலைப் பக்கமும் வீடியோ கோப்புகள் 0 என்றே சொல்கிறது. ஆனால் அதே மடிக்கணினியில் என் பயனர் பெயரில் நுழைந்து அந்தப் படங்களைத் திறந்தால் தடையின்றி ஓடுகின்றன. மூன்றாவது, லினக்ஸ் கோப்புறைகளை விண்டோஸுக்குப் பகிரும் சாம்பா என்ற மென்பொருள் மூலம் பகிர்ந்த கோப்புறை, வைஃபையில் இருக்கும் விண்டோஸ் கணினியின் நெட்வொர்க் பகுதியில் தென்படுவதே இல்லை.

இவை மூன்றும் ஒரே கோளாறின் விளைவுகளா, அல்லது நான் மூன்று இடங்களில் தவறு செய்திருக்கிறேனா என்பதுகூட எனக்குப் பிடிபடவில்லை.

மறுமொழி 1

மூன்றும் வெவ்வேறு கோளாறுகள் என்றே நினைக்கிறேன். முதலாவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் "ஏறத்தாழ அரை மணி நேரம்" என்று நீங்கள் குறித்ததிலேயே அதன் விடை பெருமளவு இருக்கிறது.

டிவியும் சர்வரும் ஒன்றையொன்று கண்டுகொள்வது எஸ்எஸ்டிபி என்ற நெறிமுறையின் வழியாக. டிவி விழித்தவுடன் 239.255.255.250 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (ஒரு குழுவில் சேர்ந்த கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும் முகவரி), யுடிபி 1900 போர்ட்டில், "இங்கே மீடியா சர்வர் யாராவது உண்டா" என்று கேட்கிறது. சர்வரும் தன் பங்குக்கு அதே முகவரியில் "நான் இருக்கிறேன்" என்று அவ்வப்போது அறிவித்துக்கொண்டிருக்கும். மினிடிஎல்என்ஏவின் இயல்பு அமைப்பில் இந்த அறிவிப்பு ஏறத்தாழ 15 நிமிடத்துக்கு ஒருமுறை போகும்; ஒவ்வோர் அறிவிப்பும் 1800 வினாடிகளுக்குச் செல்லுபடியாகும் என்று அதிலேயே எழுதியிருக்கும். 1800 வினாடி என்பது உங்கள் அரை மணி நேரம்தான். அதாவது, முதல் அறிவிப்பு டிவிக்குக் கிடைக்கிறது, அடுத்து வர வேண்டிய புதுப்பிப்புகள் கிடைக்கவில்லை, கெடு முடிந்ததும் டிவி பெயரை நீக்கிவிடுகிறது.

புதுப்பிப்பை வழியில் விழுங்குவது அந்தச் சுவிட்சாக இருக்க வேண்டும். அமைப்புகளை மாற்றக்கூடிய சுவிட்சுகள் பலவற்றில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் என்றொரு வசதி உண்டு. எந்தப் போர்ட்டில் இருக்கும் கருவி எந்த மல்டிகாஸ்ட் குழுவில் சேர்ந்திருக்கிறது என்பதை ஒட்டுக்கேட்டுக் குறித்துவைத்து, சேராத போர்ட்டுகளுக்கு அந்தப் பொதிகளை அனுப்பாமல் இருப்பதே அதன் வேலை. குறிப்பு காலாவதியாகாமல் இருக்க வேண்டுமென்றால், நெட்வொர்க்கில் யாராவது ஒருவர் "இந்தக் குழுவில் இன்னும் யார் இருக்கிறீர்கள்" என்று இடைவிடாமல் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த விசாரிப்பவருக்குக் குவெரியர் என்று பெயர். வீட்டு ரௌட்டர்களில் பல இந்த வேலையைச் செய்வதில்லை. கேட்க ஆளில்லை, ஆகவே பதில் சொல்லவும் ஆளில்லை. வழக்கமான கணக்கில் 260 வினாடிகள் கழிந்ததும் சுவிட்ச் தன் குறிப்பை அழித்துவிடுகிறது. அதன்பின் டிவியின் கேள்வி சர்வரை எட்டாது, சர்வரின் அறிவிப்பும் டிவியை எட்டாது. சேவையை மறுதொடக்கம் செய்யும்போது சர்வர் புதிதாகக் குழுவில் சேர்வதால் மீண்டும் சில நிமிடங்களுக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோல் தோன்றும்.

ஃபயர்வால் யுடிபி 1900 போர்ட்டைத் தடுத்ததுதான் காரணமாக இருந்திருந்தால் அறிகுறி நேர்மாறாக இருந்திருக்கும்: டிவியின் கேள்விக்கு உடனே பதில் வராது, ஆனால் சர்வர் தானாக விடும் அறிவிப்பைக் கேட்டுக் கால் மணி நேரத்துக்குள் பெயர் வந்துவிடும், வந்தபின் போகவும் போகாது.

ஊகத்தின் பேரில் எதையும் மாற்ற வேண்டாம் என்றால், சர்வரில், நெட்வொர்க்கில் வந்துபோகும் பொதிகளைக் காட்டும் டிசிபிடம்ப் கட்டளையை ஓடவிட்டு யுடிபி 1900 போர்ட்டை மட்டும் கவனியுங்கள். சேவையைத் தொடங்கிய முதல் நிமிடத்தில் டிவியை அணைத்துப் போட்டால் டிவியின் முகவரியிலிருந்து சில வரிகள் வந்து விழும். பத்து நிமிடம் கழித்து அதையே செய்யும்போது ஒரு வரியும் வரவில்லையென்றால் சந்தேகத்துக்கு இடமில்லை. பிறகு சுவிட்சில் ஸ்னூப்பிங்கை அணைத்துவிடுங்கள். உங்கள் தொலைக்காட்சிச் சேனல்களே மல்டிகாஸ்ட் முறையில் இணையம் வழியாக வருபவை என்றால் மட்டும் அணைக்காமல், அதே சுவிட்சில் குவெரியரை இயக்குவது நல்லது, இல்லாவிட்டால் அந்த வீடியோ வெள்ளம் எல்லாப் போர்ட்டுகளிலும் பாயும்.

மறுமொழி 2

இரண்டாவது சிக்கலுக்கு வருகிறேன்; இதில் நானே ஒரு முழு இரவை இழந்திருக்கிறேன்.

"என் பயனர் பெயரில் திறந்தால் ஓடுகிறது" என்பது இங்கே எதையும் நிரூபிப்பதில்லை. டெபியனில் மினிடிஎல்என்ஏ உங்கள் பெயரில் இயங்குவதில்லை, மினிடிஎல்என்ஏ என்றே பெயர்கொண்ட தனிப் பயனராக இயங்குகிறது. கோப்பு மேலாளரில் சொடுக்கி வெளிவட்டை இணைத்திருந்தால், அது மீடியா என்ற கோப்புறையின் கீழ் உங்கள் பயனர் பெயரில் உள்ள துணைக் கோப்புறைக்குள் இணைக்கப்பட்டிருக்கும். அந்தத் துணைக் கோப்புறைக்குள் நுழைய உங்களுக்கும் ரூட் எனப்படும் நிர்வாகப் பயனருக்கும் மட்டுமே அனுமதி உண்டு. நான் அன்று என்ன செய்தேன் தெரியுமா? திரைப்படங்கள் எல்லாவற்றுக்கும் 777 அனுமதி (யாரும் எதையும் செய்யலாம் என்ற அனுமதி) கொடுத்து, பலிக்கவில்லை என்றதும் அதையே இன்னும் இரண்டு முறை கொடுத்தேன். வீட்டுக்குள் எல்லா அறைகளையும் திறந்துவைத்துவிட்டு வாசல் கதவைப் பூட்டியே வைத்திருந்தேன் என்பது விடியும்போதுதான் உறைத்தது.

நேம்ஐ என்ற கட்டளையை எல் விருப்பத்துடன், ஏதாவது ஒரு திரைப்படத்தின் முழுப் பாதையைக் கொடுத்து இயக்குங்கள். வேர்க் கோப்புறையிலிருந்து அந்தக் கோப்பு வரை ஒவ்வொரு படியின் அனுமதியும் வரிக்கு ஒன்றாக வரும். கோப்புறைகளில் மற்றவர்களுக்கான எக்ஸ் எழுத்து (உள்ளே நுழையும் அனுமதி) எந்த வரியில் விடுபட்டிருக்கிறதோ, அந்தக் கதவுதான் பூட்டியிருக்கிறது.

அந்த இடத்து அனுமதியைத் தளர்த்துவதைவிட, வட்டை எஸ்ஆர்வி கோப்புறையின் கீழ் ஒரு நிலையான இடத்தில் இணைப்பதே முறையானது. பிஎல்கேஐடி கட்டளை தரும் வட்டின் அடையாள எண்ணை, தொடங்கும்போது எந்த வட்டை எங்கே இணைப்பது என்பதைக் குறிக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதுங்கள், கூடவே நோஃபெயில் என்ற விருப்பத்தையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லாமல் விட்டு, ஒருநாள் வட்டைக் கழற்றிய நிலையில் சர்வரைத் தொடங்கினால் அது அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். வட்டு எக்ஸ்ஃபேட் வடிவில் இருந்தால் அதற்கு யுனிக்ஸ் அனுமதிகளே கிடையாது. யாருக்கு உரிமை, எவ்வளவு அனுமதி என்பதை இணைக்கும்போதே அந்த வரியில் குறிப்பிட வேண்டும், பின்னர் அனுமதியை மாற்றும் சிஎச்மாட் கட்டளையைக் கொடுத்துப் பயனில்லை.

இன்னொரு பொறியும் உண்டு. பட்டியலைப் புதிதாகக் கட்டச் சொல்லி, ரூட் பயனராக இருந்துகொண்டு மினிடிஎல்என்ஏ நிரலை நேரடியாக இயக்கினால், தரவுத்தளக் கோப்பு ரூட்டின் உரிமைக்குப் போய்விடும். அடுத்த முறை சேவை தன் பெயரில் எழும்போது அதில் எழுத முடியாமல் தவிக்கும். சேவையை நிறுத்தி, கேஷ் கோப்புறையில் உள்ள பழைய தரவுத்தளத்தை நீக்கிவிட்டு, சேவையை வழக்கம்போலத் தொடங்குங்கள், அது தானே புதிதாகக் கட்டிக்கொள்ளும்.

மறுமொழி 3

விண்டோஸ் பற்றிச் சுருக்கமாக. நெட்வொர்க் பகுதியில் பெயர் தெரிவது விண்டோஸின் கோப்புப் பகிர்வு நெறிமுறையான எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பை நம்பியிருந்தது. 2017இல் வந்த விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்து அது இயல்பாக நிறுவப்படுவதில்லை, சாம்பாவும் 4.11 பதிப்பில் அதை இயல்பு நிலையில் அணைத்துவிட்டது. பெயர் தெரிய வேண்டுமென்பதற்காக அதை மீண்டும் இயக்காதீர்கள், பாதுகாப்புக்குப் பெயர்போன பொருளல்ல அது. முகவரிப் பட்டியில் இரண்டு பின்சாய்கோடுகளும் சர்வரின் ஐபி முகவரியும் தட்டினால் கோப்புறை திறக்கும். பெயராகவே தெரிய வேண்டுமென்றால் டபிள்யூஎஸ்டிடி என்ற சிறு சேவையை டெபியனில் நிறுவுங்கள். கடவுச்சொல் கேட்டு மறுத்தால், லினக்ஸ் கடவுச்சொல்லும் சாம்பா கடவுச்சொல்லும் தனித்தனி என்பதை நினைவில் கொண்டு, எஸ்எம்பிபாஸ்வேர்ட் கட்டளையில் ஒன்றைப் புதிதாக அமையுங்கள். சர்வரின் ஐபி மாறாமல் இருக்க ரௌட்டரில் முகவரிகளை வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அதற்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: டிஎல்என்ஏவில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. வெளியிலிருந்தும் பார்க்கலாமே என்ற ஆசையில் ரௌட்டரில் 8200 போர்ட்டைத் திறந்துவிடாதீர்கள். அவசியமானால் வயர்கார்ட் என்ற விபிஎன் (மறையாக்கம் செய்த தனி இணைப்பு) அமைத்து அதன் வழியே வாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. டிசிபிடம்ப் சோதனை எழுதியபடியே நடந்தது: முதலில் டிவியின் முகவரியிலிருந்து ஆறு வரிகள், பத்து நிமிடம் கழித்து ஒன்றுமில்லை. சுவிட்சின் பக்கத்தில் ஸ்னூப்பிங் இயங்கிக்கொண்டிருந்தது; அணைத்து இப்போது நான்கு மணி நேரம் ஆகிறது, சர்வரின் பெயர் அப்படியே இருக்கிறது. நேம்ஐ கட்டளையில் மூன்றாவது வரியில்தான் பூட்டு இருந்தது. வட்டை எஸ்ஆர்வியின் கீழ் மாற்றியதும் நிலைப் பக்கத்தில் வீடியோ எண்ணிக்கை 612 என்று வந்தது. விண்டோஸிலும் ஐபி முகவரியைத் தட்டியே திறந்துவிட்டேன்.

இப்போது வேறொன்று. சில படங்களில் காட்சி வருகிறது, ஒலி வரவில்லை. தமிழ்த் துணைத்தலைப்புகள் சிலவற்றில் கட்டம் கட்டமாகவும், சிலவற்றில் பொருளற்ற லத்தீன் எழுத்துகளாகவும் வருகின்றன. மினிடிஎல்என்ஏவை விட்டு ஜெல்லிஃபின் என்ற மீடியா சர்வர் மென்பொருளுக்கு மாறினால் இவை தீருமா?

மறுமொழி 4

தீரும், ஆனால் அதற்கான உழைப்பு உங்கள் பழைய மடிக்கணினியின் தலையில் விழும். மினிடிஎல்என்ஏ கோப்பை உள்ளது உள்ளபடி அனுப்புகிறது. புரிந்துகொள்வது டிவியின் பொறுப்பு. காட்சி வந்து ஒலி வராத படங்களின் ஒலித்தடத்தை, கோப்பின் விவரங்களைக் காட்டும் எஃப்எஃப்புரோப் கட்டளை கொண்டு பாருங்கள், பெரும்பாலும் டிடிஎஸ் என்ற ஒலி வடிவமாக இருக்கும். அதை ஏற்காத டிவிகள் நிறைய உண்டு. ஜெல்லிஃபின் இதைக் கண்டறிந்து ஓடும்போதே மாற்றித் தரும். ஒலியை மாற்றுவது எளிய வேலைதான், ஆனால் துணைத்தலைப்பைக் காட்சியின்மேல் பதித்து அனுப்ப வேண்டுமென்றால் முழு வீடியோவையும் மறுபடி என்கோடு செய்ய வேண்டும். செயலி இன்டெல் என்றால் அதன் தலைமுறையைப் பாருங்கள்: 4கே படங்களில் பரவலாக உள்ள எச்இவிசி என்ற சுருக்க முறை வீடியோவை வன்பொருளிலேயே முழுமையாகக் கையாளும் வசதி ஆறாம் தலைமுறையில்தான் வந்தது, அதிலும் 10 பிட் வகைக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். அதற்கு முந்தையதென்றால் 4கே படம் விக்கி விக்கித்தான் ஓடும்.

துணைத்தலைப்பில் நீங்கள் பார்ப்பவை இரண்டு வேறு நோய்கள். கட்டம் வந்தால் கோப்பு சரி, டிவியில் தமிழ் எழுத்துரு இல்லை. இதற்குப் பதித்து அனுப்புவதோ, டிவியின் சொந்தப் பிளேயரை விட்டு வேறு பிளேயர் செயலியில் பார்ப்பதோதான் வழி. லத்தீன் எழுத்து வந்தால் கோப்பு டிஸ்கி போன்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் இருக்கிறது, அல்லது யுடிஎஃப்-8 கோப்பை டிவி வேறொன்றாக எண்ணிப் படிக்கிறது. முதலாவதென்றால் ஒருங்குறிக்கு மாற்றுங்கள். இரண்டாவதென்றால் கோப்பின் தொடக்கத்தில் அதன் குறியாக்கத்தை அறிவிக்கும் பிஓஎம் குறியுடன் சேமித்துப் பாருங்கள், சில டிவிகள் அதைப் பார்த்துத்தான் தெளிகின்றன.

கேள்வி கேட்டவர்

செயலி ஐந்தாம் தலைமுறை. எனவே மினிடிஎல்என்ஏவையே வைத்துக்கொண்டு, காட்சியை அப்படியே நகலெடுத்து ஒலித்தடத்தை மட்டும் ஏசி3 என்ற ஒலி வடிவத்துக்கு மாற்றுமாறு எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்று நிரலில் கட்டளை கொடுத்தேன். இரண்டே முக்கால் மணி நேரப் படம் ஒன்று ஆறு நிமிடத்தில் முடிந்து, டிவியில் ஒலியுடன் ஓடியது. இப்படி ஒலி வராதவை மொத்தம் 41 படங்கள் இருக்கின்றன. இரவில் வரிசையாக ஓடும்படி விட்டிருக்கிறேன்.

மறுமொழி 2 எழுதியவர்

இரவில் ஓடவிட்டுவிட்டு மடிக்கணினியின் மூடியைச் சாத்திவிடாதீர்கள். சாத்தினால் உறங்கிவிடும் என்பதே அதன் இயல்பு அமைப்பு. டெபியனின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்புக் கோப்பில் மூடிக்கான விருப்பத்தை இக்னோர் என்று மாற்றிய பிறகு சாத்துங்கள். மாற்றிய கோப்புகள் வேறு பெயரில் உருவாகின்றன என்றால், பழையவற்றை நீக்கும்வரை டிவியின் பட்டியலில் ஒவ்வொரு படமும் இரண்டு முறை தெரியும்.