தரங்கம்பாடியில் ஒரு நாள் நடை: போய்வந்தவர்கள் சொல்வது (ஒவ்வொரு குறிப்புக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

காவிரிக்கரை

தரங்கம்பாடி சின்ன ஊர். நகர நுழைவாயிலிலிருந்து கடல் வரை ராஜா தெருவில் சும்மா நடந்தால் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அதனால்தான் பலர் பதினொன்றரை மணிக்கு வேனில் வந்து இறங்கி, கோட்டை முன்னால் படம் எடுத்துக்கொண்டு, வெயில் தாங்காமல் பன்னிரண்டரைக்கெல்லாம் திரும்பிவிடுகிறார்கள். இங்கே தூரம் ஒரு பொருட்டே இல்லை. வெயிலையும் பூட்டையும் கணக்கில் வைத்துக்கொண்டால் போதும். நடையைக் காலை, மாலை என்று இரண்டாகப் பிரியுங்கள்.

முதலில் கிழமை. வெள்ளிக்கிழமை வேண்டாம், கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிறு காலை தேவாலயங்களில் ஆராதனை நடக்கும், சுற்றிப்பார்க்கத் தோதான நேரம் அல்ல. செவ்வாய், புதன் என்றால் தெருவே உங்களுக்குத்தான்.

காலை ஏழு மணிக்குள் வந்துவிட்டால் நுழைவாயிலில் நிற்காமல், அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, நேரே கடற்கரைக்குப் போய்விடுங்கள். கோட்டையின் கடல் பக்கச் சுவரில் அப்போதுதான் வெளிச்சம் நேராக விழும். பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் நிலம் கொடுத்து எழுந்தது. ஊரை ‘சடங்கன்பாடியான குலசேகரன்பட்டினம்’ என்று கல்வெட்டு சொல்கிறது. டென்மார்க்கிலிருந்து டேனிஷ்காரர்கள் வருவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஊர் இது என்பதற்கு அந்த ஒரு வரி போதும். கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலையைத் தடுக்கக் கொட்டியிருக்கும் கருங்கற்களில் ஏறாதீர்கள். பாசி வழுக்கும், இடுக்கில் கால் மாட்டும்.

எட்டிலிருந்து பத்து வரை தெருக்கள். கோட்டைக்குள் பத்து மணிக்கு மேல் போகலாம். தஞ்சை ரகுநாத நாயக்கரோடு 1620இல் ஒப்பந்தம் போட்டபின் டேனிஷ்காரர் ஓவே கெட்டே தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை அது. கீழ்த்தளம் கிடங்கும் சிறையும், மேல்தளம் ஆளுநர் குடியிருப்பும் அலுவல் அறைகளும். அண்ணாந்து பாருங்கள், வளைவுக் கூரைதான் அங்கே விசேஷம். ஒரு மணி நேரம் தாராளம்.

பதினொன்றரைக்கு மேல் ஊரில் நிற்க வேண்டாம். நாலு மணிக்கு மறுபடி வரலாம்.

ரயிலடி

பேருந்து பற்றி. மயிலாடுதுறை சந்திப்பில் இறங்கினால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர் வழியாக ஏறத்தாழ ஒரு மணி நேரம். முன்பு ரயிலே இங்கு வரை வந்தது, அந்தப் பாதையை 1980களில் மூடிவிட்டார்கள். சிதம்பரம்–நாகப்பட்டினம் தடத்தில் வருகிறவர்கள் ஏறும்போதே நடத்துநரிடம் “ஊருக்குள்ள நிக்குமா, பைபாஸ்ல போயிடுமா?” என்று கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் நடையின் முதல் பாதி நெடுஞ்சாலை ஓரத்திலேயே கழிந்துவிடும்.

மதியத்துக்குத் திருக்கடையூர் போகலாம் என்று திட்டம் போடுவார்கள். எட்டு கிலோமீட்டர்தான், ஆனால் அபிராமி கோயில் நடை மதியம் சாத்தியிருக்கும். அதைக் காலையிலோ மாலையிலோ தனியாக வையுங்கள். மதியத்துக்குப் பொறையாறுதான் சரி: இரண்டு கிலோமீட்டர், சாப்பாட்டுக் கடைகள் உண்டு. கோட்டைப் பக்கம் தேநீர், சுண்டல், ஐஸ்கிரீம் அளவுதான். பழைய பங்களா விடுதியில் சாப்பிட நினைத்தால் முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள்.

பழைய எழுத்து

தேவாலயங்களை ‘இரண்டு சர்ச்’ என்று ஒரே மூச்சில் கடந்துவிட வேண்டாம். சீயோன் ஆலயம் 1701, ஐரோப்பியர்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718, தமிழ்ச் சபைக்காக. ஒரே தெருவில் இரண்டு ஆலயம் ஏன் என்பதற்கு விடை அதிலேயே இருக்கிறது. 1706 ஜூலை 9ஆம் தேதி சக மதபோதகர் புளூட்சோவோடு வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்குவின் கல்லறை புதிய எருசலேம் ஆலயத்துக்குள்ளே இருக்கிறது, வெளியில் தேடி அலைய வேண்டாம். தமிழில் புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்ததும் இந்த ஊரில்தான். சீகன்பால்கு இருந்த வீடு இப்போது அருங்காட்சியகம்.

கதவு பூட்டியிருந்தால் திரும்பிவிடாதீர்கள். சாவி ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் இருக்கும், அக்கம்பக்கத்தில் விசாரித்தால் கூப்பிட்டு விடுவார்கள். செருப்பை வாசலில் விட்டுவிடுங்கள்.

அப்படியே தட்டார் தெருவுக்குள்ளும் திரும்புங்கள். திண்ணையும் முற்றமும் ஓட்டுக் கூரையுமாகச் சீரமைத்த வீடுகள் அங்கே. ஆனால் குடியிருக்கும் வீடுகள். கேட்காமல் கேமராவைத் தூக்கினால் முகம் சுளிப்பார்கள்.

உப்புக்காற்று

சித்திரை, வைகாசியில் வருகிறவர்களுக்கு: கடற்கரை ஊர்தானே, குளுகுளுவென்று இருக்கும் என்று நம்பாதீர்கள். காலையில் அடிப்பது மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று. தரை நன்றாகச் சூடேறிய பிறகுதான் கடற்காற்று உள்ளே வரும், சில நாள் பிற்பகல் வரை வராது. பதினொரு மணிப் புழுக்கம் அதனால்தான். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு குடை. கோட்டை முன்மைதானத்தில் நிழலே கிடையாது. தை, மாசிதான் நல்ல மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை.

கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். கணுக்கால் நனைத்தால் போதும்.

பொறையாறு வாசி

இந்தக் கடற்கரையில் ‘ஓசோன் காற்று அதிகம்’ என்று சொல்லிக்கொண்டு ஆழமாக மூச்சிழுக்கும் கூட்டத்தைப் பார்க்கலாம். ஓசோன் நுரையீரலுக்கு ஆகாத வாயு. நீங்கள் முகர்வது உப்பும் மீனும்தான், பயப்படாமல் இழுங்கள்.

அப்பா அம்மாவோடு வருகிறவர்கள் கவனிக்க: தெருக்கள் சமதளம், சிரமமே இல்லை. கோட்டை மேல்தளத்துக்கு மட்டும் படி ஏற வேண்டும். முட்டிவலிக்காரர்கள் மைதானத்தின் கடல் ஓரத்தில் உட்காரலாம், ஆனால் நாலரைக்கு மேல்.

காவிரிக்கரை

விட்டுப்போனது ஒன்று. நகர நுழைவாயிலைக் கடைசிக்கு வைக்கச் சொன்ன காரணம்: அதன் வெளிமுகம் மேற்குப் பார்த்தது, மாலை ஐந்து மணி வெயிலில்தான் வெள்ளைச் சுவரும் மேலே உள்ள அரச முத்திரையும் துலங்கும். இப்போதிருக்கும் வாயில் 1792இல் திருப்பிக் கட்டியது. அங்கிருந்து பேருந்து நிற்குமிடம் கூப்பிடு தூரம், படம் எடுத்துவிட்டு அப்படியே ஏறிவிடலாம்.