வள்ளம், கயாக் ஒட்டு வேலை: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

உவரி மேற்கு
பழைய பைபர் வள்ளம் வாங்கினோம். உள்ளே அடிப்பக்க விரிசலில் முன்னால் வைத்திருந்தவர் சிலிக்கானை அப்பியிருந்தார். பைபர் வேலை பார்க்கிற தம்பி அதைச் சுரண்டி, தேய்த்து, மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பு வைத்து, இறுகும் பிசினான ரெசின் அடித்துக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு சுத்தமான வேலை. கரை அலையைத் தாண்டும்போது ஒரே அடி, காலடியில் தண்ணீர். ஒட்டு முழுசாக எழும்பிவிட்டது. கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒரு நார்கூடப் பிய்ந்திருக்கவில்லை, விரல் வைத்தால் வழுக்கியது. எஞ்சின் நிற்காததால் கரைக்குத் திரும்பினோம். சிலிக்கான் பட்ட இடத்தில் பெயின்டும் நிற்காது, ரெசினும் நிற்காது என்று ஏன் யாரும் சொல்வதில்லை?

கூத்தங்குழி
அண்ணாச்சி, சிலிக்கானை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். உப்பேறிய பைபரை நல்ல தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவிடாமல் எதை ஒட்டினாலும் விடும். காய்ந்ததும் அசிட்டோனில் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளில் பளபளப்பு போகத் தேய்க்க வேண்டும்.

என் மனதை விட்டுப் போகாதது வேறு. பட்டறையில் புதிதாகச் சேர்ந்த பையன், ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் இருந்த டப்பாவிலேயே, அதை இறுகவைக்கும் ஹார்ட்னரையும் ஊற்றிவிட்டான். சீறிக்கொண்டு புகை, அடுத்து தீ. மேஸ்திரி மணலை அள்ளிக் கொட்டினார். பையனுக்குப் புருவம் கருகியது, கண் தப்பியது. கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கிண்டிய பிறகுதான் ஹார்ட்னர். இரண்டும் நேருக்கு நேர் சேரவே கூடாது. பக்கத்துப் பக்கத்தில்கூட வைக்காதீர்கள்.

பாளை துடுப்பு
என்னுடையது பிளாஸ்டிக் கயாக், துடுப்பு போடுகிற சின்னப் படகு. தாமிரபரணியில் கோடைத் தண்ணீர், பாறையில் உரசி அடியில் கீறல். கடைக்காரர் “இரும்பையே ஒட்டும்” என்று, இரண்டைக் கலந்து ஒட்டுகிற ஈபாக்சி பசை கொடுத்தார். மறுநாள் பார்த்தால் நன்றாகத்தான் இறுகியிருந்தது. கட்டை விரலால் அடியை லேசாக அமுக்கினேன், அப்பளம் போல டக்கென்று ஒரே துண்டாக விழுந்தது. கயாக்கின் பிளாஸ்டிக்கான பாலிஎத்திலீனில் சாதாரணப் பசை எதுவும் பிடிக்காதாம். கடைசியில் வழி காட்டியவர் மாடித் தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர். இரண்டும் ஒரே பிளாஸ்டிக்தான் என்றார். சூடான காற்று ஊதும் கன்னையும் அதே பிளாஸ்டிக் குச்சியையும் வைத்து, குச்சியும் கயாக்கும் சேர்ந்து இளகும்படி உருக்கி ஒட்டினார். இன்றுவரை கசிவு இல்லை.

அம்பை தச்சு
கூத்தங்குழி அண்ணாச்சி சொன்ன சுத்தம் சரி. ஆனால் உவரிக்காரர் விஷயத்தில் சிலிக்கான்தான் காரணம். தேய்க்கத் தேய்க்க அது பக்கத்தில் இழுகிப் பரவும்.

நான் பார்த்தது: சித்திரை மத்தியானம், பிளைவுட் படகுக்கு ஒருவர் மக் நிறைய ஈபாக்சி கலந்தார். பேசி முடிப்பதற்குள் மக்கே உருகிப் புகைந்தது. அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அந்தச் சூடு ஏறாது.

அப்புறம், பைபர் வேலைக்கு வழக்கமான பாலியெஸ்டர் ரெசினில் ஹார்ட்னரை வெயிலுக்குத் தக்கபடி 1 முதல் 2 சதவீதத்துக்குள் கூட்டிக் குறைக்கலாம். ஈபாக்சியில் டப்பாவில் போட்ட அளவை மாற்றவே கூடாது. பாலியெஸ்டர் மேல் ஈபாக்சி பிடிக்கும், ஈபாக்சி மேல் பாலியெஸ்டரை நம்ப முடியாது. மழைக்காலத்தில் இறுகிய ஈபாக்சி மேல் பிசுபிசுப்பு படிந்தால் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே அடுத்த பூச்சு. வெயில் படும் இடத்தில் மேலே பெயின்ட் கட்டாயம். போல்ட், கயிறு கட்டும் கிளீட் அடியில் தண்ணீர் புகாமல் வைக்க பாலியூரிதேன் பசை நல்லது. காற்றின் ஈரத்தை எடுத்துத்தான் அது இறுகும், நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான். அவசரப்பட்டுத் தண்ணீரில் இறக்காதீர்கள். ஆனால் பின்னால் கழற்ற வேண்டியதற்கு அதைப் போடாதீர்கள், பைபரையே பிய்த்துக்கொண்டு வரும்.

இடிந்தகரை
எல்லாரும் ஈபாக்சி என்கிறீர்கள். எங்கள் தாத்தாவின் பலகை வள்ளத்தில் அதை இடுக்கில் அடைத்தார்கள். பலகை தண்ணீரில் ஊறிப் பெருத்ததும் ஓரம் நசுங்கி, பக்கத்துப் பலகை ஆணியோடு நகர்ந்தது. பலகை இடுக்குக்குப் பஞ்சும் குங்கிலியமும் எண்ணெயும் வைத்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். அது நெகிழ்ந்து கொடுக்கும். தச்சு ஐயா, இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உவரி மேற்கு
சரி, என் வள்ளத்துக்கு இப்போது என்ன வழி?

அம்பை தச்சு
தேய்த்துப் பயனில்லை. முதலில் சிலிக்கானைக் கரைக்கிற ரிமூவர் போட்டுத் துடையுங்கள். பிறகு சிலிக்கான் பட்ட பைபர் அடுக்கையே கிரைண்டரில் எடுத்துவிட்டு, பைபர் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாக இறக்கி, ஈபாக்சியில் ஒட்டுங்கள். ஈபாக்சிக்கு மேட் வேண்டாம், நெய்த கிளாத் வாங்குங்கள்.